புதுப்பிப்பு: ஊற்றி வடிக்கும் கோப்பிக்கு அளவு பிடிபட்டது

போன மாதம் எழுதியிருந்தேன்: தாள் வடிகட்டியில் ஊற்றி எடுக்கும் கோப்பி ஒருநாள் கசக்கிறது, மறுநாள் வெறும் தண்ணீராக இருக்கிறது, எங்கே பிழை என்று. தராசில் நிறுத்துப் பாருங்கள் என்று பலர் சொன்னீர்கள். நன்றி, பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்தது.

கரண்டிக் கணக்கை விட்டுவிட்டேன். ஒரே கரண்டியில் கடும் வறுவல் நிறை குறைவாகவும் இளவறுவல் கூடுதலாகவும் வருகிறது. இப்போது 15 கிராம் தூளுக்கு 240 கிராம் தண்ணீர், அதாவது 1:16. முதலில் 40 கிராம் ஊற்றி, தூள் பொங்கி அடங்க 40 விநாடி விடுகிறேன். மிச்சத்தை மூன்று தரமாக ஊற்றுகிறேன். தூள் தன் எடையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால் கோப்பைக்கு 210 கிராம் அளவுதான் வரும். குறைகிறதே என்று மேலும் ஊற்றித்தான் முன்பு கசப்பை வரவழைத்தேன்.

மற்றப் பாதி தண்ணீர். யாழ்ப்பாணத்தில் எங்கள் கிணறும் சுண்ணாம்புக் கல்லில் வெட்டியதுதான். கேத்தல் அடியில் வெள்ளை படியும். அந்தத் தண்ணீரில் கோப்பியின் பழப்புளிப்பு அமுங்கிவிடுகிறது. 1:15, 1:14 என்று தூளைக் கூட்டியும் மந்தம் போகவில்லை. போத்தல் தண்ணீரைச் சரிபாதி கலந்ததும் அதே 1:16 தெளிந்து இனித்தது. எனக்குப் பெரிய சந்தோசம்!

மல்லிக் கோப்பிக்குப் பழகிய அம்மாவுக்கு மட்டும் 1:14.

அரைவை பற்றிக் கேட்டவருக்கு: மேசை உப்பைவிடச் சற்றுப் பெரிய மணி.