தூக்கு போய் முப்பது வருடச் சிறை ஆச்சு, அத்தைக்கு என்ன பதில் சொல்வது?

சிப்புட் மருமகன்:
வணக்கம். மலேசியா, சுங்கை சிப்புட்காரன். சட்டம் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள், யார் வேண்டுமானாலும் சொல்லுங்கள், கட்சி அரசியல் மட்டும் வேண்டாம்.

என் அத்தை மகன் டவுனில் சின்ன மளிகைக் கடை வைத்திருந்தான். 2010-இல் ஒரு ராத்திரி கடை சாத்துகிற நேரத்தில் கல்லாப் பணத்துக்காக வெட்டிவிட்டார்கள். கல்லாவில் 300 வெள்ளிகூட இல்லை. பிடிபட்டவன் பக்கத்துத் தோட்டத்துப் பையன், இரண்டு பேரும் ஒரே தமிழ்ப்பள்ளி. உயர்நீதிமன்றத்தில் தூக்கு, மேல்முறையீட்டிலும் தூக்கு. அதோடு அத்தை ஒரு மாதிரி அடங்கிவிட்டார். கடையை அவரே எடுத்து நடத்துகிறார். அப்புறம் 2024-இல் அந்தத் தூக்கு முப்பது வருடச் சிறை, 12 ரோத்தான் (பிரம்படி) என்று மாறிவிட்டது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைப் பார்த்துத்தான் தெரியும்.

இதில் சங்கடம் என்னவென்றால், தூக்கு வேண்டாம் என்று மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து வருடக்கணக்காக வாதாடியவன் நான்தான். இப்போது அத்தை கேட்கிறார், “அவனுக்கு மறுபடி கேஸ் எடுத்துப் பார்த்தாங்களே, என் பிள்ளைக்கு யாருடா எடுத்துப் பார்ப்பா?” வாய் அடைத்துப் போச்சு. நீங்கள் என்றால் என்ன சொல்வீர்கள்?

ஈப்போ குமாஸ்தா:
லாயர் ஆபீசில் பத்து வருடமாகக் கோப்பு தூக்குகிறேன், அதனால் கொஞ்சம் சொல்லலாம். தூக்கு முழுதாகப் போகவில்லை தம்பி. 2023 ஜூலை 4 முதல் ‘கட்டாயத் தூக்கு’ என்பதுதான் போனது. கொலைக்கு இப்போதும் நீதிபதி தூக்கு கொடுக்கலாம், கொடுக்காவிட்டால் 30 முதல் 40 வருடம், கூடவே குறைந்தது 12 ரோத்தான். 50 வயது தாண்டிய ஆணுக்கும் பெண்களுக்கும் ரோத்தான் கிடையாது. ஏற்கெனவே தண்டனை ஆனவர்கள் கூட்டரசு நீதிமன்றத்தில் மனு போட அதே வருடம் தனிச்சட்டம் வந்தது, ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அதற்குத் தகுதி. அத்தையிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: அங்கே குற்றத்தைத் திரும்ப விசாரிக்கவில்லை, தண்டனையை மட்டும்தான் பார்த்தார்கள். அவன் குற்றவாளிதான், அது மாறவில்லை.

இன்னொன்று, கசப்பாக இருக்கும். வருடத்தைப் பொதுவாகப் பிடிபட்ட நாளிலிருந்து எண்ணுவார்கள். நன்னடத்தைக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். 2010-இல் பிடித்திருந்தால் 2030 வாக்கில் வெளியே வரலாம். இதை யாரோ சொல்லி அத்தை கேள்விப்படுவதைவிட நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

காண்டா வாளி:
இருபது வருடத்தில் வந்துவிடுவானா? இதுதான் தண்டனையா? நம் வரிப்பணத்தில் சோறு போட்டு வளர்ப்பதற்குப் பெயர் நீதியா? மன்னிக்கவும், நான் தூக்குப் பக்கம்தான். கேங் பையன்களுக்குப் பயம் விட்டுப்போச்சு. சிங்கப்பூரைப் பாருங்கள்.

தைப்பிங் தங்கச்சி:
சிங்கப்பூரையே பார்ப்போம் அண்ணே. 2022 ஏப்ரலில் அங்கே தூக்கில் போட்ட நாகேந்திரன் நம் ஈப்போ பையன், 42.72 கிராம் ஹெராயின். அறிவுத்திறன் எண் 69 என்று மருத்துவர் சொல்லியும் நிற்கவில்லை. பொருளை அனுப்பியவன் தொங்கினானா? இங்கேயும் 1983-இல் போதைப்பொருள் கடத்தலுக்குக் கட்டாயத் தூக்கு வந்து நாற்பது வருடம் இருந்தது, தோட்டத்தில் சியாபு போதைப்பொருள் குறைந்ததா? நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் வீட்டு விஷயமும் சொல்கிறேன். என் அண்ணன் 39பி கேஸ், அதாவது போதைப்பொருள் கடத்தல். 15 கிராமோ அதற்கு மேலோ ஹெராயின் இருந்தாலே கடத்தல் என்று சட்டம் அனுமானித்துவிடும், இல்லை என்று அவன்தான் நிரூபிக்க வேண்டும். தூக்குக் கைதியாக இருந்தபோது தனி அறை, வெளியே விடுவது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டு அம்மா பேசுவாங்க, அவன் “சாப்பிட்டீங்களா” என்பதைத் தவிர எதுவும் கேட்க மாட்டான். தண்டனை மாறிய பிறகு பேக்கரியில் போட்டிருக்கிறார்கள். போன மாதம் பன்னுக்கு மாவு எப்படிப் பிசைய வேண்டும் என்று பத்து நிமிடம் அம்மாவுக்குப் பாடம் எடுத்தான். அம்மா வீட்டுக்கு வந்து அதே மாதிரி செய்து பார்த்தாங்க, கல்லு மாதிரி வந்தது.

கொலைக் கேஸும் இதுவும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும். மருமகன் அண்ணன் அத்தைக்கு என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. சொல்லவும் எனக்குத் தகுதியில்லை.

பழைய மண்டோர் பேரன்:
நம் ஊர்க்காரர் என்பதால் எழுதுகிறேன். 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைச் சுட்ட பிறகுதான் வெள்ளைக்காரன் அவசரகாலச் சட்டம் போட்டான். அந்தச் சட்டத்தில்தான் எஸ்.ஏ.கணபதியை 1949 மே 4-இல் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கில் போட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர். யாரையும் கொன்றதாக வழக்கில்லை, துப்பாக்கி வைத்திருந்தார் என்பதுதான் குற்றச்சாட்டு. இந்தியாவில் நேரு அரசாங்கம் கேட்டும் கேட்கவில்லை. அந்தப் புடு சிறை இருந்த இடத்தில் இப்போது பேரங்காடி, ஏசி போட்டிருக்கிறான். கயிறு யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் யார் கழுத்து என்பதும். காண்டா வாளி தம்பிக்கு நான் சொல்வது அவ்வளவுதான்.

ஆனால் அத்தை கேட்டது கயிற்றைப் பற்றி இல்லை என்று நினைக்கிறேன். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான்.

ஈப்போ குமாஸ்தா:
ஐயா சொன்னது சரி. தண்டனை சொல்வதற்கு முன் பாதிக்கப்பட்ட குடும்பம் கேட்டுக்கொண்டால் நீதிபதி முன் பேசலாம் என்று 2012-இலேயே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்த்தார்கள். அரசுத் தரப்பு கேட்டால் குற்றவாளி இழப்பீடு கட்ட வேண்டும் என்று உத்தரவு போடவும் இடம் உண்டு. எத்தனை தோட்டத்துக் குடும்பத்துக்கு இது தெரியும்? என்னைக் கேட்டால், தூக்குக்குப் பதில் என்ன என்று பேசுகிறவர்கள் வருடத்தை எண்ணுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே அவன் சம்பாதிக்கிற காசில் ஒரு பங்கு செத்தவன் வீட்டுக்குப் போக வேண்டும், வெளியே வருகிற தேதியை அந்த வீட்டுக்குச் சொல்லியாக வேண்டும். பேச்சு அங்கேயும் போக வேண்டும்.

காண்டா வாளி:
இழப்பீடு சரி. அதற்கு நானும் கை தூக்குகிறேன். மற்றபடி என் கருத்து மாறவில்லை.

சிப்புட் மருமகன்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று கடை சாத்தும்போது அத்தையிடம் 2030 கணக்கைச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். பருப்புச் சாக்கின் வாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டே, “அவன் அம்மா இந்தப் பக்கம்தானே இருக்கா, இங்கதான் வருவான்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “என்னைக்கு வர்றான்னு முன்னாடியே சொல்லச் சொல்லி எழுதிப் போடு. திடீர்னு கடை வாசல்ல வந்து நின்னா நான் என்னடா பண்ணுவேன்?” என்று கேட்டார். குமாஸ்தா அண்ணே, இதை யாருக்கு எழுதுவது?

ஈப்போ குமாஸ்தா:
சிறைத்துறை தலைமையகம் காஜாங்கில் இருக்கிறது, அங்கே எழுதுங்கள், அவன் இருக்கிற சிறைக்கும் ஒரு நகல். மலாயில் எழுதுங்கள், வழக்கு எண்ணும் அத்தையின் அடையாள அட்டை எண்ணும் கட்டாயம் வேண்டும். இங்கே போடாமல் தனியாக எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.