புதுப்பிப்பு: ட்ராகனைட்டுக்கு பூட்ஸ் மாட்டியாச்சு

போக்கிமான் ஸ்கார்லெட் வீடியோ கேமில் என் ட்ராகனைட் என்ற போக்கிமான் களமிறங்கியதுமே படுத்துவிடுகிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேனே, காரணம் நீங்கள் சொன்னதேதான். எதிராளி களத்தில் பரப்பிவைக்கும் ஸ்டெல்த் ராக் என்ற கூர்கல் பொறி, ட்ராகனைட் உள்ளே வரும்போதே கால்வாசி உயிரைத் தின்றுவிடும். உயிர் முழுசாக இருந்தால்தான் மல்ட்டிஸ்கேல் என்ற அதன் திறன், வாங்கும் அடியைப் பாதியாக்கும். கொஞ்சம் கொஞ்சமாக உயிரேற்றும் லெஃப்ட்ஓவர்ஸைக் கழற்றி, அந்தக் கற்களிலிருந்து காக்கும் ஹெவி டியூட்டி பூட்ஸ் மாட்டினேன். இப்போது நிம்மதியாக, தாக்குதலையும் வேகத்தையும் கூட்டும் ட்ராகன் டான்ஸ் போட முடிகிறது.

ஒரே ஒரு விஷயத்தில் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை. நீங்கள் சொன்ன, தாக்குதலைக் கூட்டும் அடமண்ட் சுபாவம் வேண்டாம், வேகத்தைக் கூட்டும் ஜாலிதான். 100ஆம் லெவலில் ஒரு டான்ஸுக்குப் பிறகு அடமண்டின் வேகம் 388, ஜாலிக்கு 426. வேகத்தை முழுசாக ஏற்றிய ட்ராகபல்ட் என்ற எதிரிப் போக்கிமானுக்கு 421! அது பேய் வகை, முந்தி அடிக்கும் எக்ஸ்ட்ரீம் ஸ்பீட் நார்மல் வகை அடி என்பதால் அதன்மேல் படவே படாது. முந்திக்கொண்டு எர்த்குவேக் அடி விடுவதுதான் வழி. அடியின் பலம் கொஞ்சம் குறைகிறது, போகட்டும். ஐஸ் அடி மட்டும் இன்னும் பயம்தான், நாலு மடங்கு.