பொது நிலத்தில் கட்டுமானம்: இயற்கைக் காட்சியின் மதிப்பை எப்படி அளக்கிறார்கள்?

கேள்வி:
வணக்கம். நகரமைப்புத் துறையில் முதுகலை படிக்கிறேன். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பெரும்பகுதிப் பொது நிலங்களை நிர்வகிக்கும் நில மேலாண்மைப் பணியகம், சூரிய மின் நிலையம், சுரங்கம் போன்றவற்றுக்கு அனுமதி தருமுன் இயற்கைக் காட்சி எவ்வளவு பாதிக்கப்படும் என்பதையும் ஆராய்கிறது. அழகு ஆளுக்கு ஆள் மாறுபடும்போது, ஓர் அரசு அலுவலகம் அதை எந்த அளவுகோலால் அளக்கிறது? அந்த அளவீட்டால் ஒரு திட்டத்தைத் தடுக்க முடியுமா?

பதில் 1:
காட்சி மதிப்பையும் காக்க வேண்டும் என்று 1976ஆம் ஆண்டின் கூட்டாட்சி நிலக் கொள்கைச் சட்டமே சொல்கிறது. நில அமைப்பு, தாவரம், நீர், நிறம், சுற்றுப்புறக் காட்சி, அரிய தன்மை, மனிதர் செய்த மாற்றங்கள் ஆகிய ஏழுக்கும் மதிப்பெண் இடுகிறார்கள். கூட்டுத்தொகை 19 அல்லது அதற்கு மேல் வந்தால் முதல் தரம், 12 முதல் 18 வரை இரண்டாம் தரம், அதற்குக் கீழ் மூன்றாம் தரம். அந்த நிலப்பரப்பின் மீது மக்களுக்கு உள்ள அக்கறையும், அது எவ்வளவு தொலைவிலிருந்து பார்க்கப்படுகிறது என்பதும் இதனுடன் சேர்க்கப்படும். ரசனை முற்றிலும் விலகிவிடுவதில்லை. ஆனால் எல்லா இடத்துக்கும் ஒரே கேள்விகள் கேட்கப்படுவதால், முடிவுக்கான காரணத்தை எவரும் சரிபார்க்கலாம்.

பதில் 2:
தங்களின் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. மேலே சொன்ன மதிப்பீடு வெறும் கணக்கெடுப்பு. அது யாரையும் கட்டுப்படுத்தாது. ஒரு பகுதியின் நிலங்களை எப்படிப் பயன்படுத்துவது என்று பணியகம் வகுக்கும் வள மேலாண்மைத் திட்டத்தில், நான்கு வகுப்புகளில் நிலத்துக்கு ஒதுக்கப்படும் வகுப்புதான் கட்டுப்படுத்தும். முதல் வகுப்பில் நிலத்தின் இயல்பு அப்படியே காக்கப்பட வேண்டும். நான்காம் வகுப்பில் பெரிய மாற்றங்களும் அனுமதிக்கப்படும். உயர்ந்த மதிப்பெண் பெற்ற பள்ளத்தாக்கைக்கூட, எரிசக்தித் தேவையை முன்னிட்டு நான்காம் வகுப்பில் வைத்துவிடலாம். ஆகவே காட்சியைக் காக்க நினைப்பவர்கள், இந்தத் திட்ட வரைவு கருத்துக்கேட்புக்கு வரும்போதே எழுத்துப்பூர்வமாக ஆட்சேபிக்க வேண்டும். ஒரு நிறுவனம் விண்ணப்பத்துடன் வந்த பிறகு எதிர்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் கட்டுமானத்தின் வண்ணத்தையும் அது அமையும் இடத்தையும் பற்றிப் பேசும் வாய்ப்பே மிஞ்சுகிறது என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பதில் 3:
அப்படி மிஞ்சுவதையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். சாலை வளைவு, மலைப்பாதை, முகாம் போன்று மக்கள் நின்று பார்க்கும் இடங்களைத் தேர்ந்தெடுத்து, வடிவம், கோடு, நிறம், மேற்பரப்பின் தன்மை ஆகிய நான்கிலும் கட்டுமானம் நிலத்திலிருந்து எவ்வளவு வேறுபட்டுத் தெரியும் என்று ஒப்பிடுகிறார்கள். ஒரு தண்ணீர்த் தொட்டிக்குச் சரிவின் நிறத்தையே பூசினால், அது வெளிறிப்போய்த் தனித்துத் தெரியும். புதர்களும் பாறைகளும் தம்மீதே நிழல் வீழ்த்திச் சரிவைக் கருமையாக்குகின்றன, வழவழப்பான தகட்டில் அந்த நிழல் கிடையாது. அதனால் இரண்டு மூன்று சாயல் அடர்ந்த நிறமே பரிந்துரைக்கப்படுகிறது. கம்பங்களை முகட்டின் மேல் நிறுத்தாமல் சற்றே கீழே இறக்கினால், வானத்தின் பின்னணியில் அவை துருத்திக்கொண்டு நிற்பதைத் தவிர்க்கலாம். சரிவில் நேர்கோடாக வெட்டிய சாலையின் தழும்புக்கு மட்டும் எந்த வண்ணமும் உதவாது. அதன் தடத்தை வரைபடத்திலேயே மாற்றியாக வேண்டும்.