இஸ்ரேல் பேச்சு வந்தாலே வகுப்பு இரண்டாகிறது, எப்படி நடத்துவது?

கேட்டவர்: சமூக அறிவியல் டீச்சர்

நியூ ஜெர்சியில் ஒரு யூதப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். நான் யூதர் இல்லை. 2023 அக்டோபர் 7-க்குப் பிறகு இஸ்ரேல், காசா என்று யார் வாயெடுத்தாலும் இரண்டு அணியாகிவிடுகிறார்கள். ஒரு மாணவியின் அண்ணன் இஸ்ரேல் ராணுவத்தில் இருக்கிறார். இன்னொருத்தி போர்நிறுத்தம் கேட்டு ஊர்வலம் போனவள். அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள் என்கிறார் சக ஆசிரியர். வகுப்பில் எடுக்காவிட்டால் மதியச் சாப்பாட்டு மேசையில் வெடிக்கிறது. யாராவது இதைச் சமாளித்திருக்கிறீர்களா?

பதில்: ஹீப்ரூ பள்ளிக்காரன்

யூதக் குடும்பத்தில் பெண் எடுத்தவன் நான். பதின்வயதுப் பிள்ளைகள் தால்மூட் (பழைய யூத அறிஞர்களின் விவாதத் தொகுப்பு) வாசிக்க உதவுகிறேன். காசாவில் தொடங்காதீர்கள், ஹனுக்கா என்ற எட்டு நாள் யூதப் பண்டிகையின் விளக்கில் தொடங்குங்கள். அதை ஏற்றும் முறை பற்றி ஷம்மாய், ஹில்லெல் என்ற இரண்டு பழைய யூத அறிஞர்களின் தரப்புகள் வாதிட்டன. முதல் நாள் எட்டு ஏற்றி தினம் ஒன்று குறைக்க வேண்டும் என்றது ஷம்மாய் தரப்பு. ஒன்றில் தொடங்கிக் கூட்ட வேண்டும் என்றது ஹில்லெல் தரப்பு. இன்று வழக்கத்தில் இருப்பது ஹில்லெல் முறைதான். பிள்ளைகளை ஷம்மாய்க்காக வாதாட விடுங்கள். யாருக்கும் ரத்தம் கொதிக்காது, பழக்கம் மட்டும் வரும்.

ஹில்லெல் தரப்பு ஏன் வென்றது என்பதற்குத் தால்மூட் ஒரு காரணம் சொல்கிறது. அவர்கள் எதிர்த்தரப்பின் வாதத்தையும் கற்பித்தார்கள், அதுவும் தங்கள் வாதத்துக்கு முன்பே. அதையே வகுப்பு விதியாக்குங்கள். எதிரில் இருப்பவள் சொன்னதை இவள் திருப்பிச் சொல்ல வேண்டும். அவள் ‘ஆமாம், இதைத்தான் சொன்னேன்’ என்ற பிறகே மறுப்பு. ஹெவ்ருதா என்ற யூத ஜோடிப் படிப்பு போல இருவர் இருவராக உட்கார வையுங்கள், முழு வகுப்பு என்றால் கைதட்டலுக்காகப் பேசுவார்கள். அந்த இரண்டு பெண்களையும் முதல் நாளே ஜோடி சேர்த்துவிடாதீர்கள், தயவுசெய்து.

பதில்: எதிர்க்கட்சி

ஹில்லெல் கதை நல்லதுதான், ஆனால் பாதிதான். ஷம்மாயின் மாணவர்கள் ஹில்லெலின் மாணவர்களைக் கொன்றதாகவும் எருசலேம் தால்மூடில் (தால்மூடின் இரண்டு தொகுப்புகளில் ஒன்று) இருக்கிறது. அதையும் படிக்கக் கொடுங்கள். பூசி மெழுகினால் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும். அப்புறம், எல்லாச் சண்டையும் ஒன்றல்ல. ‘பிர்கே அவோத்’ என்ற பழைய யூத அறவுரை நூல் ஹில்லெல், ஷம்மாய் விவாதத்தைக் கடவுளுக்கான விவாதம் என்கிறது, மோசேயை எதிர்த்துக் கிளம்பிய கோராகு கூட்டத்தின் சண்டையை அப்படிச் சொல்வதில்லை. ஒருத்தி இன்னொருத்தியை இழிவாகப் பேசினால் அதற்கு இரண்டு பக்கம் தேட வேண்டாம், அங்கேயே நிறுத்துங்கள்.

சமூக அறிவியல் டீச்சர்

சரி, விளக்கிலேயே தொடங்குகிறேன். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடவா?

ஹீப்ரூ பள்ளிக்காரன்

கட்டாயம். பெற்றோருக்கும் எழுதுங்கள், படிக்கப்போகும் பக்கத்தையே இணைத்து அனுப்புங்கள். காசாவை எடுக்கும் நாளுக்கு முன்பு, அண்ணன் ராணுவத்தில் இருக்கும் பெண்ணிடம் தனியாகக் கேளுங்கள், அன்று வகுப்பில் இருக்க விருப்பமா என்று.