முப்பதைத் தாண்டியும் தாடையில் பரு: வீட்டு வைத்தியத்தில் எது கேட்கும்?

மஞ்சள்வெயில்:
எனக்கு வயது 32. பள்ளிக் காலத்தில்கூட முகம் சுத்தமாகத்தான் இருந்தது. இப்போது இரண்டு வருடமாகத் தாடையோரமும் மோவாயிலும் பரு விடுவதே இல்லை. தோலுக்கு அடியில் உருண்டையாகக் கட்டி நிற்கும், தொட்டாலே வலி. அமுங்கினாலும் பழுப்புத் தழும்பு மாதக்கணக்கில் போகாது. மாத்திரை சாப்பிட இப்போதைக்கு மனமில்லை. எலுமிச்சைச் சாறும் தேனும் கலந்து போட்டேன், எரிச்சல்தான் மிச்சம். பற்பசை வைத்தால் ஒரே ராத்திரியில் காயும் என்கிறார்கள். மஞ்சள், கற்றாழை, டீ ட்ரீ ஆயில், இதில் எதற்கு உண்மையிலேயே பலன் உண்டு?

கிளிஞ்சல்:
எனக்குக் கற்றாழை நன்றாகக் கேட்டது. படுக்கும் முன் தேங்காய் எண்ணெயும் தடவுங்கள், கிருமியைக் கொல்லும்.

நீலாம்பரி:
தோல் நோய்ப் பிரிவில் பல வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். உங்களைப் போன்றவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன் தோழி, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் எலுமிச்சையை நிறுத்துங்கள். அமிலத்தை அளக்கும் pH எண்ணில் நம் தோல் 5-ஐ ஒட்டி இருக்கும், எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி; எண் குறையக் குறைய அமிலம் கடுமை. அதைப் போட்டுக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துப் போகக்கூடும். தழும்பை நீக்கப் போட்டதே புதுத் தழும்பைக் கொண்டுவரும். சமையல் சோடா எதிர்ப்பக்கம் இழுக்கும், அதுவும் வேண்டாம். பற்பசை பருவைக் காய வைப்பது போலத் தெரியும், ஆனால் சுற்றியுள்ள தோலைப் பொசுக்கிவிடும்.

தேங்காய் எண்ணெய் பற்றிக் கிளிஞ்சல் சொன்னதில் பாதி சரி. அதிலுள்ள லாரிக் அமிலம் பருக் கிருமியை ஆய்வுக்கூடத்தில் கொல்கிறது. ஆனால் முகத்தில் அந்த எண்ணெய் துவாரங்களை அடைக்கக்கூடியது. பரு வருகிற முகத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

வீட்டு வைத்தியத்தில் எனக்கு ஓரளவு நம்பிக்கை இருப்பது டீ ட்ரீ ஆயில் மீதுதான். 1990-ல் ஆஸ்திரேலியாவில் 124 பேரை வைத்து, 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லையும் பருவுக்கு வழக்கமாகப் பூசும் மருந்தான பென்சாயில் பெராக்சைடையும் (அதுவும் 5 சதவீதம்) ஒப்பிட்டார்கள். இரண்டிலுமே பரு குறைந்தது. டீ ட்ரீ மெதுவாகத்தான் வேலை செய்தது, ஆனால் வறட்சியும் எரிச்சலும் குறைவு. அந்த 5 சதவீதம்தான் முக்கியம். பாட்டிலிலிருந்து அப்படியே தொட்டு வைத்துக் கொப்புளத்தோடு வருகிறவர்கள் நிறைய. ஒரு துளிக்குப் பத்தொன்பது துளி கற்றாழை ஜெல், அதுதான் கணக்கு. ரெடிமேட் ஜெல் கிடைத்தால் இன்னும் நல்லது. திறந்து வெகுநாளான எண்ணெய் காற்றுப் பட்டுக் கெட்டு அலர்ஜி தரும், அதைத் தூக்கிப் போடுங்கள். எதுவானாலும் முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பாருங்கள்.

கற்றாழை மடலை வெட்டியதும் மஞ்சளாக ஒரு பால் கசியும் பாருங்கள், அரிப்பைத் தருவது அதுதான். மடலைச் சாய்த்து நிற்கவைத்து அது முழுக்க வடிந்த பிறகு, நடுவிலிருக்கும் கண்ணாடிச் சதையை மட்டும் வழித்தெடுங்கள். எரிச்சலைத் தணிக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். மஞ்சளும் அப்படித்தான்.

இதையெல்லாம் விட முக்கியமான விஷயம் ஒன்று. தாடையில், ஆழத்தில், அதுவும் முப்பதுக்கு மேல் வரும் பருவில் பெரும்பாலும் ஹார்மோனின் பங்கு இருக்கும். மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் கூடுகிறதா? தேதி தள்ளிப் போகிறதா? மோவாயில் தடித்த முடி வருகிறதா? இருந்தால் பிசிஓஎஸ்ஸா (சினைப்பையைப் பாதிக்கும் ஹார்மோன் கோளாறு) என்று மகப்பேறு மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். உள்ளே இருக்கிற காரணத்தை மேலே பூசுகிற எதுவும் தொடாது.

ஆற்றோரம்:
ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. ஜிம்முக்குப் போகிறவர்கள் வே புரோட்டீன் பொடியை நிறுத்திப் பாருங்கள். எனக்கு முதுகிலும் தாடையிலும் வந்த பரு அதற்குப் பிறகுதான் குறைந்தது.

மஞ்சள்வெயில்:
நன்றி நீலாம்பரி அக்கா. ஆமாம், மாதவிலக்குக்கு முன்னால்தான் அதிகம். தேதியும் ஒழுங்காக வருவதில்லை. இன்னொன்று, அடுத்த வருடம் குழந்தைக்குத் திட்டமிட்டிருக்கிறோம். அதனால்தான் இயற்கையாக ஏதாவது என்று தேடினேன். எவ்வளவு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும்?

நீலாம்பரி:
தேதி ஒழுங்கில்லை என்றால் அந்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். குழந்தைக்குத் திட்டமிடுகிறவருக்கு அது எப்படியும் தேவைப்படும்.

ஒரு பரு கண்ணுக்குத் தெரிவதற்குப் பல வாரம் முன்பே உள்ளே அடைப்பு தொடங்கிவிடுகிறது. அதனால் எதைப் போட்டாலும் 8 முதல் 12 வாரம் கொடுங்கள். ஒரு சமயத்தில் ஒரே ஒரு பொருள், இல்லாவிட்டால் எது கேட்டது, எது கெடுத்தது என்று தெரியாது. காலையிலும் இரவிலும் மிதமான ஃபேஸ்வாஷ், அப்புறம் எண்ணெய்ப் பசையில்லாத மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்க்ரீன். வெயில் படப்படத் தழும்பு கறுக்கும், அதனால் சன்ஸ்க்ரீனை மட்டும் விடாதீர்கள். கட்டியைக் கிள்ளவே கூடாது.

பருவுக்குக் கொடுக்கும் ரெட்டினாய்டு வகை (வைட்டமின் ஏ சார்ந்த) க்ரீம்கள் கர்ப்பத்துக்கு ஆகாது, யார் கொடுத்தாலும் இப்போது தொடங்க வேண்டாம். அசெலிக் அமிலம் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். கோதுமை, பார்லியில் இயற்கையாகவே இருக்கிற பொருள் அது. பருவோடு தழும்பையும் குறைக்கும், கர்ப்ப காலத்திலும் பொதுவாகக் கொடுக்கிறார்கள். முதல் சில நாள் லேசாகச் சுருக்கென்று குத்தும், மாய்ஸ்சரைசருக்கு மேல் போட்டால் தாங்கும்.