கல் தெரியும் கான்கிரீட்: லாரி வருவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியவை

“புது வீட்டுக்கு வந்து மூணு மாசம் ஆச்சு. கார் ஏத்துற இடம் இன்னும் வெறும் மண்ணாத்தான் கிடக்கு. பக்கத்து வீட்டுல கூழாங்கல் பதிச்ச மாதிரி அழகா ஒரு தரை. அதுக்குப் பேர் என்ன, நாமளே போட்டுக்கலாமா?” என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். பதில் நீண்டுவிட்டது, அதனால் தனி இழையாகவே போடுகிறேன்.

பேர் எக்ஸ்போஸ்டு அக்ரிகேட். பார்த்தால் கல்லை ஒவ்வொன்றாகப் பதித்த மாதிரி இருக்கும், ஆனால் பெரும்பாலும் யாரும் பதிப்பதில்லை. கல் கான்கிரீட்டோடு கலந்தே லாரியில் வருகிறது. ஊற்றி மட்டம் பார்த்த பிறகு மேலே ஒரு மருந்து தெளிப்பார்கள், ரிட்டார்டர் என்று பேர். மருந்து இறங்கிய மேல்தோல் மட்டும் இறுகாமல் இருக்கும், அடியில் இருப்பது இறுகிவிடும். அப்புறம் தண்ணீரைப் பீய்ச்சி அந்த மேல்தோலைக் கழுவினால் கல் வெளியே தெரியும். (சர்க்கரைக்கும் இந்தக் குணம் உண்டு. கலவையில் கொஞ்சம் விழுந்தாலே சிமென்ட் இறுகத் திணறும்.)

நாமே போடலாமா? தோட்டத்தில் நாலடி நடைபாதை என்றால் தாராளமாகப் போட்டுப் பழகுங்கள். கார் நிற்கும் இடத்தில் வேண்டாம். 40 சதுர மீட்டரை 100 மில்லிமீட்டர் கனத்தில் போட்டால் 4 கன மீட்டர் கான்கிரீட். ஏறக்குறைய 10 டன். அது வாசலில் வந்து நின்ற பிறகு “கொஞ்சம் இருங்க, பலகையைச் சரி பண்ணிக்கிறேன்” என்று சொல்ல முடியாது.

ஆள் வைத்தே செய்யுங்கள். ஆனால் விலைப்பட்டியல் வந்ததும் கல்லின் நிறத்தில் மயங்கி நிற்காதீர்கள். எனக்கு மூன்று பேர் விலை கொடுத்தார்கள். மூன்றிலும் கல்லின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அடியில் என்ன போடுவார்கள் என்று எழுதியிருந்தது ஒன்றில்தான். எழுத்தில் வாங்க வேண்டியது இவ்வளவு: மண்ணை எவ்வளவு ஆழம் தோண்டுவார்கள், அதில் உடைகல் பரப்பி இயந்திரத்தால் இறுக்குவார்களா, கான்கிரீட்டின் கனம் என்ன, வலுத் தரம் என்ன, வலைக்கம்பி உண்டா. சாதாரணக் காருக்கு 100 மில்லிமீட்டர் போதும். வேன், சிறு லாரி ஏறும் என்றால் கூட்டிப் போடச் சொல்லுங்கள்.

வலைக்கம்பி விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். தரையில் விரித்துப் போட்டுவிட்டு, ஊற்றும்போது கொக்கியால் இழுத்துக்கொள்கிறோம் என்பார்கள். இழுத்த கம்பி மேலே ஏறி நின்றால்கூட, அடுத்த நிமிடம் ஒருவர் அதன் மேல் நடந்து மறுபடி மண்ணுக்கே அனுப்பிவிடுவார். ஊற்றுவதற்கு முன்பே வலைக்கம்பி, அதைத் தாங்கும் சின்னச் சின்னக் கால்களின் மேல் உயர்ந்து நிற்க வேண்டும், கான்கிரீட்டின் மேல்பாதியில். விரிசல் மேலேயிருந்துதான் திறக்கும், அதைப் பிடித்து வைக்கத்தான் கம்பி.

விரிசலே வராது என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பாதீர்கள். காயக் காய கான்கிரீட் சுருங்கும். அது எங்கே வெடிக்க வேண்டும் என்று நாம் தீர்மானிப்பதற்குத்தான் கட்டிங் கோடுகள், அதாவது தரையின் மேல் அறுத்துவிடும் கோடுகள். 100 மில்லிமீட்டர் தரைக்கு ஏறக்குறைய 3 மீட்டருக்கு ஒரு கோடு, கனத்தில் கால்பங்கு ஆழம், ஊற்றிய 24 மணி நேரத்துக்குள். நாலு நாள் கழித்து வந்து அறுத்தால் வெறும் அலங்காரம்தான், விரிசல் அதற்குள் தன் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டுச் சுவரைத் தொடும் இடத்தில் நடுவே மெத்தென்ற பட்டை வைக்கச் சொல்லுங்கள். வாட்டம், அதாவது தரையின் சரிவு, சுவரை விட்டு வெளியே ஓட வேண்டும், 1 மீட்டருக்கு 1 சென்டிமீட்டராவது.

இனி என் சொந்தக் கதை. முதல் வீட்டில் ஊற்றிய நாள் நல்ல வெயில். வாசலில் பாதி இடம் மரநிழல், பாதி திறந்த வெளி. வந்தவர்கள் வேறு வேலைக்குப் போகும் அவசரத்தில் மொத்தத்தையும் ஒரே நேரத்தில் கழுவினார்கள். வெயில்பட்ட பக்கம் சரியாக வந்தது. நிழல் பக்கம் இன்னும் இளசு, தண்ணீர் பட்டதும் கல்லே பெயர்ந்து ஓடியது. அங்கே இன்றும் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். சிமென்ட் பூசிப் பார்த்தோம், இன்னும் அசிங்கமாகத் தெரிந்ததுதான் மிச்சம்.

அதனால் கழுவும் நேரத்தில் வீட்டில் இருங்கள். வெயில், காற்று, மருந்தின் வகையைப் பொறுத்து அது அன்று மாலையும் ஆகலாம், மறுநாள் காலையும் ஆகலாம். ஒரு மூலையில் பிரஷ்ஷால் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கல் அசைந்தால் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு கல்லும் மூன்றில் இரண்டு பங்கு உள்ளே புதைந்திருக்க வேண்டும். அழகாக இருக்கிறதே என்று அதற்கு மேல் கழுவினால் பின்னால் டயரே கல்லைப் பிடுங்கும்.

கழுவிய சிமென்ட் பால் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். கடும் காரம் அது, தோலையே அரிக்கும். மழைநீர் வடிகாலில் விட்டால் நேரே ஆற்றில் போய் மீனைக் கொல்லும். பல நாடுகளில் இதற்கு அபராதம் உண்டு, அது உங்கள் வாசலுக்கும் வரலாம். மண் அணை கட்டித் தேக்கி, இறுகியதும் அள்ளிப் போடுவதுதான் முறை.

கீழே வந்த இரண்டு கேள்விகளுக்கும் இங்கேயே.

“அண்ணா, அனுமதி வாங்கணுமா?” உங்கள் எல்லைக்கும் சாலைக்கும் நடுவில் உள்ள துண்டு பெரும்பாலும் உங்களுடையது அல்ல. அதில் கை வைக்கும் முன் உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். தோண்டும் முன் அடியில் போகும் தண்ணீர், எரிவாயு, மின்சார வழிகளையும் விசாரியுங்கள்.

“சீலர் அடிக்கணுமா? எப்போ கார் ஏத்தலாம்?” காருக்கு 7 நாளாவது பொறுங்கள். கனமான வண்டிக்கு 28 நாள். முதல் வாரம் முழுக்க ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சீலர் என்பது மேலே அடிக்கும் பாதுகாப்புப் பூச்சு. அதை அடித்தால் எண்ணெய்க்கறை இறங்காது, ஆனால் ஈரம் உள்ளே இருக்கும்போது அடித்தால் பால் மாதிரி வெளுத்துப் போகும். பளபளப்பு வகை மழையில் வழுக்கும், சரிவான வாசல் என்றால் வழுக்காத பொடி கலந்து அடிக்கச் சொல்லுங்கள். சீலருக்கு முன்னால் ஆசிட் கழுவல் என்று ஒன்று சொல்வார்கள். நீங்கள் தேர்ந்தெடுத்தது சுண்ணாம்புக்கல்லோ பளிங்கோ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், ஆசிட் கல்லையே தின்றுவிடும்.