புதுப்பிப்பு: சி டிரைவில் இடம் கிடைத்துவிட்டது

என் விண்டோஸ் லேப்டாப்பில் சி டிரைவ் நிரம்பிச் சிவப்புக் கோடு காட்டுகிறது, டி காலியாகக் கிடக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, வேலை முடிந்தது.

டவுன்லோட்ஸ், வீடியோஸ் ஃபோல்டர்களில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், லொகேஷன், மூவ். அவ்வளவுதான். ஆனால் டி-யில் முதலிலேயே தனித்தனி ஃபோல்டர் உருவாக்கி அதைக் காட்டுங்கள். டிரைவையே நேராகக் காட்டினால் பிறகு பிரிப்பது பெரும்பாடு.

மென்பொருள்கள் நிறுவப்பட்டிருக்கும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரைத் தொடவில்லை. அதை நகர்த்தினாலும் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேடு) பழைய இடமே பதிந்திருக்கும், மென்பொருள் திறக்காமல் போகலாம்.

அப்புறம், ஃபைல்கள் ஒரு டிரைவிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது விண்டோஸ் நகலெடுத்துவிட்டுத்தான் பழையதை அழிக்கிறது. நேரம் பிடிக்கும், சார்ஜரைச் செருகி வையுங்கள்.

என் லேப்டாப்பில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் பகுதிகள்; அது கெட்டால் இரண்டும் போய்விடும். அதனால் அப்பாவின் அறுபதாம் கல்யாண வீடியோவை வெளி ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரு பிரதி போட்டுவிட்டேன்.